மில்டனின் நரகத்தைத் தேடி ஒரு வடக்குப் பயணம்

அக்டோபர் 8, 2024, செவ்வாய் – லண்டன்

பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நேராக எகிப்து மம்மிகளிடம் போகிறார்கள். நான் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நான்காவது தளத்துக்கு ஏறினேன். அச்சோவியங்களையும் கோட்டோவியங்களையும் பாதுகாக்கும் பிரிவு அங்கே இருக்கிறது, அதற்கென்று ஒரு வாசிப்பறையும் உண்டு. முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்டால் யார் வேண்டுமானாலும் போகலாம். காசு கிடையாது. பையை வெளியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பென்சிலோடு உட்கார வேண்டும். பேனா எடுத்தால் முறைப்பார்கள்.

கறுப்பு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜான் மார்ட்டின். சாத்தானின் வீழ்ச்சியையும் ஆதாம் ஏவாள் சொர்க்கத் தோட்டத்தை இழந்ததையும் பாடும் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்துக்கு அவர் செய்த மெசோடின்ட் அச்சுகள், 1825 முதல் 1827 வரை பகுதி பகுதியாக வெளிவந்தவை. நம்மூரில் வெ.ப. சுப்பிரமணிய முதலியார் இதன் முதல் பகுதியை 'சுவர்க்க நீக்கம்' என்று 1895-இல் தமிழ்ச் செய்யுளாக்கினார். கல்லூரி நாட்களில் அதை எடுத்துப் பார்த்து, நாலு பக்கம் தாண்டாமல் மூடி வைத்தேன். காவியம் எனக்கு ஒட்டியதே இந்தப் படங்கள் வழியாகத்தான்.

மெசோடின்ட் எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதுவது எதுவும் விளங்காது. பல் வைத்த, வளைந்த விளிம்புள்ள ஒரு இரும்புக் கருவியை உலோகத் தகட்டின் மேல் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே போக வேண்டும். நெடுக்கே, குறுக்கே, மூலைவாட்டில் என்று திரும்பத் திரும்ப ஆட்டினால் தகடு முழுக்கச் சொரசொரப்பாகும். அந்த நிலையில் மை தடவி அச்சடித்தால் தாள் முழுக்க வெல்வெட் மாதிரி ஒரே கறுப்பு. அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். எங்கெல்லாம் வெளிச்சம் வேண்டுமோ அங்கெல்லாம் சுரண்டி, தேய்த்து, வழவழப்பாக்க வேண்டும். நான் அச்சுக்கலை படித்த காலத்தில் ஒரு சின்னத் தகட்டில் இதைச் செய்யப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கினதுதான் மிச்சம்.

அதே காலத்தில் பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் டெலக்ரூவா, ஆங்கிலக் கவிஞர் பைரனின் கதைக்கவிதையிலிருந்து கியாவூர், பாஷா என்ற இரண்டு எதிரிகள் மோதும் காட்சியைக் கல்லச்சாகச் செய்தார். அது 1827. அடுத்த ஆண்டே ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபௌஸ்ட்' நாடகத்துக்குப் பதினேழு கல்லச்சுகள். எல்லாமே ஆளை அசத்தும் வேலைகள்தான். ஆனால் கல்லச்சு என்பது வெளிறிய கல்லின்மேல் கறுப்பு பென்சிலால் வரைவது. மார்ட்டினுக்கு வேலை முழுக் கறுப்பில் தொடங்குகிறது. வெளிச்சம் இல்லாமல் இருட்டே கண்ணுக்குத் தெரியும் நரகம் என்று மில்டன் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் இருந்திருக்க முடியாது.

'நரகச் சபையில் தலைமை தாங்கும் சாத்தான்' என்ற தாளை எடுத்து மரத்தாங்கியில் வைத்தார்கள். தகடு நம் ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நடுவே ஒரு கரிய உருண்டை, அதன் உச்சியில் சாத்தான் உட்கார்ந்திருக்கிறான். சுற்றிலும் வட்ட வட்டமாக மாடங்கள், ஒவ்வொன்றிலும் கடுகு கடுகாகத் தலைகள். மேலே விளக்குச் சரங்கள். நாஃப்தா என்ற கல்லெண்ணெயும் தாரும் எரியும் விளக்குகள் என்று மில்டனே எழுதியிருக்கிறார். ஆனால் மார்ட்டின் வாழ்ந்த லண்டனில் தெருவுக்குக் கேஸ் விளக்கு வந்துகொண்டிருந்தது. தாளில் இருப்பது அந்த வெளிச்சம்தான். மூக்கு தாளில் படாத அளவுக்குக் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு விளக்கும் ஒரு சின்னச் சுரண்டல், அவ்வளவே. மை இல்லாத வெறும் காகிதம். இரண்டடி தள்ளிப் பார்த்தால் அது எரிகிறது.

குறையும் சொல்ல வேண்டும். ஆதாமும் ஏவாளும் எந்தத் தாளிலும் சரியாக வரவில்லை. கடைச் சன்னலில் நிற்கும் துணிக்கடைப் பொம்மைகள் இவர்களைவிடத் தேவலாம். உடம்பு வரைவது மார்ட்டினுக்குக் கைவந்த கலை அல்ல.

இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வருகிறது. 1667-இல் மில்டனுக்கு இந்தக் காவியத்துக்காகப் பதிப்பாளர் கையில் கொடுத்தது 5 பவுண்டு. 1,300 பிரதி விற்ற பிறகு இன்னொரு 5. மார்ட்டினுக்கு செப்டிமஸ் ப்ரோவெட் என்ற பதிப்பாளர் 24 தகடுகளுக்குக் கொடுத்தது 2,000 பவுண்டு. அப்புறம் அதையே சின்ன அளவில் இன்னொரு 24 செய்யச் சொல்லி 1,500.

சாயங்காலம் ஈஸ்ட்ஹாமில் அத்தை மகன் வீடு. படங்களைப் போனில் காட்டினேன் (ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க விடுகிறார்கள்). "மாப்ள, இந்த இருட்டைப் பாக்கவா மெட்ராஸ்லேருந்து வந்தே?" என்றான். பதில் சொல்வதற்குள் மசால் தோசை வந்துவிட்டது.

அக்டோபர் 9, புதன் – நியூகாசில்

மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய ரயில், டான்காஸ்டர் பக்கம் வயல்வெளியில் நின்றுவிட்டது. சிக்னல் கோளாறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் பெட்டிக்குப் பெட்டி ஒரு விவாத மேடை அமைந்திருக்கும். இங்கே ஆளாளுக்கு ஒரு பெருமூச்சு, அத்தோடு சரி. எதிரில் இருந்த அம்மாள், ஒரு வார்த்தை பேசாமல், பிஸ்கட் பாக்கெட்டை மேசை நடுவே நகர்த்தி வைத்தார். எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். நானும் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

நியூகாசிலில் தூறல். கிரெய்ஞ்சர் மார்க்கெட் 1835-லிருந்து இருக்கும் மூடிய சந்தை. இறைச்சிக்கடை, பழைய புத்தகம், பொத்தான், கடிகாரப் பழுது எல்லாம் ஒரே கூரைக்குள். அங்கே 'ஸ்டாட்டி' வாங்கினேன், 4 பவுண்டு 20 பென்ஸ். தட்டையான, கனமான வட்ட ரொட்டி. நடுவில் பன்றித் தொடைக்கறியும் பீஸ் புட்டிங்கும். பின்னது காய்ந்த பட்டாணியை வேகவைத்து மசித்தது. நேற்று வைத்த பருப்பு ஆறி இறுகியது போலவே இருந்தது, தாளிப்புதான் இல்லை. ரொட்டியோ தாடைக்கு நல்ல வேலை கொடுத்தது. கடைக்கார அம்மாள் என்னை 'பெட்' (செல்லம்) என்று கூப்பிட்டார். எனக்கு முன்னால் நின்ற எண்பது வயதுக்காரரையும் அப்படித்தான்.

லேயிங் ஓவியக்கூடத்துக்கு அனுமதி இலவசம். இங்கே மார்ட்டினின் பெரிய எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன. 'பாணன்' 1817-இல் வரைந்தது, தாமஸ் கிரே எழுதிய கவிதையிலிருந்து. முதலாம் எட்வர்ட் மன்னனின் படை வேல்ஸுக்குள் வருகிறது. மிஞ்சியிருக்கும் கடைசிப் பாணன் பாறை உச்சியில் நின்று மன்னனைச் சபித்துவிட்டு ஆற்றில் குதிக்கப் போகிறான். ஆளுயரத்தைத் தாண்டிய படம். அதில் பாணன் சுண்டுவிரல் அளவுக்கு இருக்கிறான், கீழே வரும் படை எறும்பு வரிசை. மற்றது 'சோதோம் கொமோரா அழிவு', 1852, பைபிள் கதையிலிருந்து. வானத்திலிருந்து வளைந்து வரும் மின்னல் லோத்தின் மனைவிமேல் விழுகிறது. சுவர் முழுக்க ஆரஞ்சும் சிவப்பும்.

பத்து நிமிஷம் நின்றேன். பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேற்று பார்த்த சிறிய கறுப்புத் தாள்கள் என்னை உள்ளே இழுத்தன, இந்தப் பெரிய படங்கள் பின்னால் தள்ளுகின்றன. வண்ணம் வந்ததும் மார்ட்டின் கத்த ஆரம்பித்துவிடுகிறார். தகட்டில் அவருக்குக் கிடைத்தது கறுப்பும் அதிலிருந்து எடுக்க முடிந்த வெளுப்பும் மட்டுமே. அந்தக் கட்டுப்பாடு அவருக்கு நல்லது செய்திருக்கிறது.

அவர் இந்த ஊரில்தான் தொழில் கற்றுக்கொண்டார். வண்டி செய்யும் பட்டறையில், கோச் வண்டிக் கதவுகளில் குடும்பச் சின்னங்கள் தீட்டும் வேலைக்கு அப்பா சேர்த்துவிட்டார். கூலித் தகராறில் அங்கிருந்து வெளியேறி, இத்தாலியர் ஒருவரிடம் பீங்கான் ஓவியம் படித்து, 1806-இல் லண்டன் போனார். பீங்கான் தட்டிலும் கண்ணாடியிலும் பொடிப்பொடியாக வரைந்து பழகிய கைதான் பிறகு அந்த நரகச் சபையின் தலைகளைச் சுரண்டி எடுத்தது.

அக்டோபர் 10, வியாழன் – ஹேடன் பிரிட்ஜ்

தூறல் நின்று வானம் வெளுத்திருந்தது. வடகாற்று, காதை அறுக்கும் குளிர். டைன் நதியை ஒட்டி மேற்கே போகும் சின்ன ரயிலில் ஹெக்ஸம் தாண்டி இறங்கினால் ஹேடன் பிரிட்ஜ். ஒரு நதி, ஒரு பழைய கல்பாலம் (இப்போது நடந்து போகிறவர்களுக்கு மட்டும்), கொஞ்சம் வீடுகள், மீன் வறுவல் கடை. மார்ட்டின் 1789 ஜூலை 19 அன்று இங்கேதான், ஒற்றை அறை வீட்டில் பிறந்தார்.

நான் என்னவோ கருங்குன்றும் பாதாளமும் எதிர்பார்த்து வந்திருந்தேன். சுற்றிலும் பச்சைப் புல்வெளி, வெள்ளை ஆடுகள், சாதுவான மேடுகள். நரகத்துக்கு முன்மாதிரி தேடி வந்தவனுக்கு இதைவிட ஏமாற்றம் கிடையாது.

பாலத்தடியில் நாயோடு நின்ற ஒரு பெரியவரிடம் மார்ட்டின் பற்றிக் கேட்டேன். "எந்த மார்ட்டின்? பைத்தியக்காரரா, தத்துவஞானியா, ஓவியரா?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. தத்துவஞானி, மூத்த அண்ணன் வில்லியம், நியூட்டன் சொன்னதெல்லாம் தப்பு என்று வாழ்நாள் முழுக்கத் துண்டறிக்கை போட்டவர். பைத்தியக்காரர், இன்னொரு அண்ணன் ஜோனதன், 1829 பிப்ரவரியில் யார்க் பெருங்கோயிலில் மாலை வழிபாட்டுக்குப் போய் உள்ளேயே ஒளிந்துகொண்டு, இரவில் தீ வைத்தவர். சித்தம் பேதலித்தவர் என்று நீதிமன்றம் அவரைத் தூக்கிலிருந்து விட்டது, கடைசிவரை லண்டன் மனநோய் விடுதியில் இருந்தார். அண்ணன் கோயிலைக் கொளுத்திய சமயத்தில் தம்பியின் படங்களில் நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன. பத்திரிகைக்காரர்களுக்கு நல்ல தீனி. 'மேட் மார்ட்டின்' (பைத்தியக்கார மார்ட்டின்) என்ற பட்டம் ஜான் மேலும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவர் குடும்பத்திலேயே தெளிவான ஆள். லண்டனுக்குக் குடிநீரும் சாக்கடையும் எப்படிக் கொண்டுவரலாம் என்று வரைபடத்தோடு திட்டங்கள் எழுதி, சொந்தக் காசில் அச்சடித்தவர்.

பெரியவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குப் பொறி தட்டியது. "மேல பாக்காதீங்க, கீழ பாருங்க" என்று செருப்பால் தரையைத் தட்டினார். அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். இந்த வட்டாரம் முழுக்கத் தரைக்கடியில் ஈயமும் நிலக்கரியும் தோண்டியது. மார்ட்டின் லண்டனில் இருந்த 1812-இல், நியூகாசிலுக்கு அருகே ஃபெல்லிங் சுரங்க வெடிப்பில் 92 பேர் செத்தார்கள். பின்னாளில் சுரங்கங்களுக்குள் காற்றோட்டம் கொண்டுவருவது பற்றியும் அவர் திட்டம் போட்டார். 'பெருங்குழப்பத்தின் மேல் பாலம்' என்ற தாளை நேற்று முன்தினம் பார்த்தது நினைவுக்கு வந்தது. நரகத்திலிருந்து பூமிக்குப் பாவம், மரணம் என்ற இரண்டு பாத்திரங்கள் போடும் பாதை. மில்டனிடம் அது பாலம். மார்ட்டினிடம் அது ஒரு சுரங்கவழி, தொலைவில் ஒரு துளி வெளிச்சம். அவர் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த 1825-இல்தான் தேம்ஸ் நதிக்கடியில் பொறியாளர் ப்ரூனெல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார். நரகத்துக்குத் தேவையான எல்லாமே அன்றைய இங்கிலாந்தில் கட்டுமானத்தில் இருந்தது.

மதியம் மீன் வறுவல், உருளைக்கிழங்கு, 9 பவுண்டு 50. உப்பும் வினிகரும் கேட்காமலே கொட்டிவிட்டார்கள். அளவு இரண்டு பேருக்குக் காணும்.

தங்கியது ஒரு மதுக்கடையின் மாடி அறை, காலைச் சாப்பாட்டோடு 75 பவுண்டு. ராத்திரி சாப்பிட்டு மேலே வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம். கடைக்கார அம்மாள். "சீக்கிரம் கோட்டைப் போடுங்க, வானத்தைப் பாருங்க" என்றார். ஒரு காலில் சாக்ஸோடு ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு இறங்கினேன். குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கிளாஸோடு தெருவில் நிற்கிறார்கள். பாலத்துக்கு அப்பால், விளக்கில்லாத பக்கம், வானம் முழுக்க ரோஸ் நிறம். அதற்குக் கீழே பச்சை. செங்குத்தாகக் கோடு கோடாக எழும்பி, மெதுவாக இடம் மாறி, அணைந்து, வேறிடத்தில் திரும்பத் தெரிகிறது. துருவ ஒளி. சூரியனில் ஏற்பட்ட வெடிப்பால் அன்றைக்கு இங்கிலாந்தின் தெற்கு வரைக்கும் தெரிந்ததாம்.

மார்ட்டினின் வானம் மாதிரி இருந்ததா என்று வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். இல்லை. அவர் வானம் எப்போதும் யார்மீதாவது கோபமாக இருக்கும். இதற்கு யார்மீதும் எதுவும் இல்லை. ஒரு இளைஞன் நாய்க்குட்டியைத் தூக்கி வானத்தைக் காட்டினான், அது அவன் காதை நக்கியது. போன் கேமராவில் கண்ணுக்குத் தெரிந்ததைவிடச் சிவப்பு கூடுதலாக விழுந்தது. அரை மணி நேரத்தில் குளிர் தாங்காமல் எல்லோரும் உள்ளே போய்விட்டோம். கடைக்கார அம்மாள் எல்லோருக்கும் சூப் ஊற்றினார். காசு வாங்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி – ஆலன் பேங்க்ஸ்

மார்ட்டின் சிறுவயதில் சுற்றிய இடம் என்று சொல்கிற பள்ளத்தாக்கு இங்கிருந்து சில மைல். ஆலன் என்ற சிற்றாறு காட்டுக்குள் ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. நேற்றைய புல்வெளியைப் பார்த்த பிறகு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போனேன். இங்கே பரவாயில்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான கரை, பீச் மரங்கள், கீழே பழுப்பு நிறத் தண்ணீர். 2021 ஆர்வென் புயலில் இந்த வட்டாரத்தில் விழுந்த மரங்கள் கணக்கில்லை. வேரோடு புரண்ட சில இன்னும் கிடக்கின்றன. அந்த வேர்த்தட்டுகள் ஒவ்வொன்றும் ஓட்டுவீட்டுக் கூரை உயரம். சொர்க்கத் தோட்டத் தாள்களில் வரும் மரங்களும் ஓடையும் இங்கிருந்து போயிருக்கலாம் என்று தோன்றியது.

ஆற்றோரம் சறுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் சேறு. அந்தக் கோலத்தில் பேருந்தில் ஏறினால் திட்டுவார்களோ என்று பயந்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்துக் கொடுத்து, "இதுமேல உட்காருங்க" என்றார், அவ்வளவுதான். எழுதிவைக்க வேறு எதுவும் இல்லை. ஈரச் சாக்ஸோடு ஒரு நாள் முழுக்க.

அக்டோபர் 12, சனி – ஹாவொர்த்

லீட்ஸ் போகும் வழியில் யார்க் பெருங்கோயில் கோபுரங்கள் ரயிலிலிருந்து தெரிந்தன. ஜோனதனை நினைத்துக்கொண்டேன். கீத்லியில் மாறி, நீராவி ரயில். தன்னார்வலர்கள் ஓட்டுகிற பழைய பாதை அது. கரி வாடை, சன்னல் ஓரமெல்லாம் பிசுபிசு கறுப்பு. சட்டைக் கைப்பட்டை கெட்டது.

ஹாவொர்த் கடைத்தெரு செங்குத்தான கல் பாவிய ஏற்றம், தூறலில் வழுக்கியது. உச்சியில், நாவல் எழுதிய பிரான்டே சகோதரிகளின் குடும்பம் வாழ்ந்த பாதிரியார் வீடு. வருகிற எல்லோரும் சகோதரிகள் எழுதிய மேசையையும் சார்லட்டின் சின்னஞ்சிறு ஆடையையும் பார்க்க வருகிறார்கள். நான் வந்தது சுவரைப் பார்க்க. அப்பா பாட்ரிக் பிரான்டே, மார்ட்டினின் அச்சுகளை வாங்கி மாட்டியிருந்தார், 'பெல்ஷாசரின் விருந்து' உட்பட. மில்டன் காட்சிகள் அல்ல, பைபிள் காட்சிகள். ஆனால் கை அதே கை, கறுப்பு அதே கறுப்பு. யார்க்‌ஷயர் மேட்டில், ஒரு ஏழைப் பாதிரியாரின் வீட்டில், பாபிலோனின் தூண்வரிசை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், தங்கள் கற்பனை நகரங்களுக்கு அதே மாதிரி தூண்களும் மாளிகைகளும் வைத்துக் கதை எழுதினார்கள், படங்களைப் பார்த்து வரைந்தும் பழகினார்கள்.

மார்ட்டினின் ஒரு எண்ணெய் ஓவியத்தை வாங்கப் பிரபுவாக இருக்க வேண்டும். தாள் அப்படி இல்லை. செப்புத் தகட்டில் மெசோடின்ட் செய்தால் சீக்கிரமே சொரசொரப்பு தேய்ந்து கறுப்பு வெளிறிவிடும். 1820-களின் தொடக்கத்தில் எஃகுத் தகடு வந்தபிறகு அதைவிட எத்தனையோ மடங்கு அடிக்க முடிந்தது. மார்ட்டின் அந்த எஃகில்தான் வேலை செய்தார். அதனால்தான் இந்தச் சுவர் வரைக்கும் வந்து சேர்ந்தது. பெரிய ஓவியங்களின் கதை வேறு: அவர் கடைசியாக வரைந்த 'இறுதித் தீர்ப்பு' மூன்று ஓவியங்களும் 1935-இல் மொத்தமாக 7 பவுண்டுக்கு விலை போயின. இப்போது டேட் காலரியில் இருக்கின்றன.

இறங்கும் வழியில் ஒரு பழம்பொருள் கடைச் சன்னலில், நம்பவே முடியவில்லை, 'பாண்டமோனியம்', மில்டனின் நரகத் தலைநகர். 'பாரடைஸ் லாஸ்ட்' வரிசையில் சின்ன அளவுத் தகடு. சட்டம் போட்டு 260 பவுண்டு. கடைக்காரர் சட்டத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தார். தாளின் விளிம்பில் விரலை ஓட்டினேன். தகடு அழுந்திய பள்ளம் இருந்தது, அசல்தான். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நரகக் கோட்டையின் அடிவாரம், லண்டனில் பார்த்த தாள்களில் கிணறுபோல் இருந்த இடம், இதில் சாம்பல் நிறம். எஃகும் தேயும். பல பிரதிகள் அடித்து முடித்த பிறகு வந்த பிரதி.

"கறுப்பு போயிடுச்சே" என்றேன்.

"அதனாலதான் 260. கறுப்பு இருந்தா உங்களுக்கும் கட்டாது, எனக்கும் கிடைக்காது" என்று சிரித்தார். 220-க்குத் தருவதாகவும் சொன்னார். வேண்டாமென்று கைகாட்டினேன். முகம் சுளிக்காமல் திரும்பச் சட்டத்துக்குள் வைத்துச் சன்னலில் மாட்டினார். அது இரண்டு வருஷமாக அங்கே தொங்குகிறதாம். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் பிரான்டே சகோதரிகள் படம் போட்ட டீக்கப்தான் கேட்கிறார்கள் என்றார்.

பக்கத்துக் கடையில் பார்க்கின் என்ற இஞ்சி ஓட்ஸ் கேக்கும் டீயும், 5 பவுண்டு 40. கேக் நன்றாக இருந்தது. டீயில் சர்க்கரை நானே இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.